பிடியின் பளபளப்பும் பிடிப்பவர் மூச்சும்

போனக்காட்டுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் அகத்தியர்கூடம் ஏறப் போகிறவர்கள். திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாக சுமார் 60 கி.மீ. தூரம். கடைசிப் பகுதி முழுக்க மலைப்பாதை. 1,868 மீட்டர் உயரமுள்ள சிகரத்துக்கான நடை இங்கிருந்துதான் தொடங்குகிறது. தோளில் பையும் கையில் கம்புமாக வருகிறவர்கள் காட்டைப் பார்த்தபடி நடக்கிறார்கள். வழியில் இருக்கும் தேயிலையை நின்று பார்ப்பவர்கள் குறைவு.

ஒரு தேயிலைத் தோட்டம் நன்றாக நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள கணக்குப் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை. செடியின் உயரத்தைப் பார்த்தால் போதும். தேயிலை இயற்கையில் மரம். அதை இடுப்பளவுச் செடியாக நிறுத்தி வைத்திருப்பது மனிதனின் கத்தி. தென்னிந்தியத் தோட்டங்களில் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து செய்ய வேண்டும். செய்யாமல் விட்டால் செடி மரமாகிவிடும். போனக்காட்டின் ஆளில்லாத சரிவுகளில் அதுதான் நடந்திருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கிய தோட்டம். தமிழ் பேசும் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடம். ஆண்டுக்கணக்கில் சம்பள பாக்கி, ஓடாத தொழிற்சாலை, மழைக்கு ஒழுகும் லயங்கள் என்று செய்தித்தாள்களில் இடம்பிடித்த ஊர். ஆங்கிலத்தில் இந்தப் பெயரை 'பான் அக்கார்டு' என்று எழுதுவோரும் உண்டு. ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரம் தன் முத்திரையில் பொறித்திருக்கும் சொல் அது. பொருள், நல்லிணக்கம்.

கவாத்து செய்யும் தொழிலாளியின் சொத்து அவருடைய கத்தி. வளைந்த அலகு, மரப்பிடி. கிளையை ஒரே வீச்சில், சாய்வாக, நார் கிழியாமல் வெட்ட வேண்டும். வெட்டு பிசிறடித்தால் அங்கே தண்ணீர் தேங்கி, பூஞ்சை பிடித்து, கிளை உள்ளுக்குள் காய்ந்துவிடும். ஒரு நாளில் இப்படி எத்தனையோ வீச்சு. அலகைத் தீட்டுவதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். ஆனால் மாலையில் கை கொப்பளித்திருக்கிறதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது பிடி.

மரப்பிடிக்கு ஒரு குணம் உண்டு. புதிதில் சொரசொரப்பாக இருக்கும். நாளாக ஆக வேர்வையும் உள்ளங்கை எண்ணெயும் ஏறி, கை எங்கே அழுத்துகிறதோ அங்கே தேய்ந்து வழுவழுப்பாகும். வேறொருவர் கைக்கு அந்தக் கத்தி இசையாது. இரவல் கொடுக்க யோசிப்பார்கள் என்றால் அது கஞ்சத்தனம் அல்ல.

மரத்துக்குக் குறையும் உண்டு. மழையில் ஊறி உப்பும், வெயிலில் சுருங்கும். உப்பிச் சுருங்கி வெடிப்பு விடும். வெடிப்புக்குள் போன தண்ணீர், பிடிக்குள் நுழைந்திருக்கும் இரும்பு வாலைத் துருப்பிடிக்க வைக்கும். ஒருநாள் வீச்சின் நடுவே அலகு ஆடும். கத்தி ஆடத் தொடங்கினால் அது எதிரே இருக்கும் கிளையை விட, பிடித்திருப்பவருக்குத்தான் ஆபத்து. இதற்காகத்தான் பழைய கொல்லர்கள் பிடியின் வாயில் பூண் போட்டார்கள். வாலை அரக்கு ஊற்றி இறுக்கினார்கள்.

மரத்தின் இந்தக் குறைக்கு மாற்றாக வந்தவைதான் கூட்டுப் பொருள் பிடிகள். பெயர் புதிது போலத் தோன்றினாலும் பொருள் நம் வீட்டிலேயே இருக்கிறது. துணியையோ காகிதத்தையோ கண்ணாடி நூலையோ அடுக்கடுக்காக வைத்து, ரெசின் என்னும் பிசினில் நனைத்து, சூடும் அழுத்தமும் கொடுத்துக் கெட்டிப்படுத்தினால் கிடைக்கும் பலகை இது. நூல் இழுவையைத் தாங்கும், பிசின் அழுத்தத்தைத் தாங்கும். இரண்டும் சேர்ந்தால் தண்ணீருக்கு எளிதில் உப்பாத, உளி இறங்கத் தயங்குகிற ஒரு பலகை.

கதை 1907-ல் தொடங்குகிறது. பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லியோ பேக்லண்ட் பீனாலையும் பார்மால்டிஹைடையும் சேர்த்து பேக்கலைட்டை உண்டாக்கினார். 1910 வாக்கில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் அந்த மாதிரிப் பிசினில் துணியையும் காகிதத்தையும் ஊறவைத்து 'மைக்கார்ட்டா' என்ற பலகையைச் செய்தது. மின்சாரத்தைத் தடுக்கும் பலகையாகத்தான் அது பிறந்தது. அங்கே வேலை பார்த்த இருவர் 1913-ல் தனியே போய், விலையுயர்ந்த மைக்காவுக்கு மாற்று என்ற பொருளில் 'பார்மைக்கா' நிறுவனத்தைத் தொடங்கினார்கள். நம் ஊர் மேஜைகளின் மேல் ஒட்டிய சன்மைக்கா அதே வம்சம். பெயரில் மைக்கா உண்டு, பொருளில் இல்லை. பழைய சுவிட்ச் போர்டுகளில் எலெக்ட்ரீஷியன்கள் திருகிய பழுப்புநிற ஹைலம் தகடும் இந்தக் குடும்பம்தான். பிசினை எபாக்ஸியாகவும் துணியைக் கண்ணாடி இழையாகவும் மாற்றினால் அது ஜி-10. அதன் தீத்தாங்கும் தம்பி எப்.ஆர்-4, ரேடியோ முதல் கம்ப்யூட்டர் வரை பலவற்றின் சர்க்யூட் பலகையிலும் இருக்கிறது. கண்ணாடிக்குப் பதில் கார்பன் இழை வைத்தால் விலையும் கௌரவமும் ஏறும்.

கத்திப் பிடிக்கு இவை வந்ததற்கு உறுதி மட்டும் காரணம் அல்ல. பழைய உயர்ந்த பிடிகள் மான்கொம்பிலும் தந்தத்திலும் ஈட்டி மரத்திலும் செய்யப்பட்டவை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான்கொம்பின் கதவைச் சாத்தியது. 1989-ல் ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் உலக வணிகத்துக்குத் தடை முடிவானது. 2017-ல் ஈட்டி உள்ளிட்ட டால்பெர்ஜியா இனங்கள் அனைத்தும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. கேரளத்தில் சந்தனம், தேக்கு, கருங்காலியோடு ஈட்டியும் ராஜமரம். அதை வெட்டினால் என்ன நடக்கும் என்பதை 2021-ல் வயநாட்டின் முட்டில் மரவெட்டு வழக்கு ஊருக்கெல்லாம் சொன்னது. காட்டிலிருந்து எடுக்க முடியாததைத் தொழிற்சாலைப் பலகை கொடுத்தது. காட்டுக்கு இது நல்ல செய்தி. ஆனால் பட்டறையில் வேறொரு கணக்கு தொடங்குகிறது.

கூட்டுப் பொருள் பலகை உளிக்கும் இழைப்புளிக்கும் மசியாது. பெரும்பாலும் அதைத் தேய்த்துத்தான் உருவாக்க வேண்டும். இரண்டு துண்டுகளை அலகின் வாலுக்கு இருபுறமும் எபாக்ஸி வைத்து ஒட்டி, பித்தளை ஆணி அடித்து, பிறகு தேய்ப்பு. தொடங்கும் முன் அலகைத் தடித்த டேப்பால் சுற்றிவிட வேண்டும். இதைச் சோம்பலில் விட்டவர்கள் தையல் போட்ட விரலோடு திரும்பி வந்து செய்வார்கள்.

தேய்க்கும் தாளை நாம் உப்புத்தாள் என்கிறோம். அதில் உப்பும் இல்லை, மணலும் இல்லை. அலுமினியம் ஆக்சைடு அல்லது சிலிக்கன் கார்பைடு துகள்கள். முதலாவதின் இயற்கை வடிவத்துக்கு ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என்று பெயர். அது தமிழின் 'குருந்தம்' போய்ச் சேர்ந்த வடிவம் என்பது அகராதிகள் ஒப்புக்கொண்ட செய்தி. 1891-ல் அமெரிக்கரான எட்வர்ட் அச்சிசன் சிலிக்கன் கார்பைடை உண்டாக்கியபோது, கார்பனோடு அந்தக் கொரண்டத்தையும் சேர்த்து 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்தார். 1954-ல் சென்னையில் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தின் பெயரில் அந்தச் சொல் ஒரு சுற்று சுற்றி ஊர் திரும்பியது.

தாளின் முதுகில் இருக்கும் நம்பர் ஏற ஏறத் துகள் பொடியாகும். 60-ம் 80-ம் உருவம் கொடுக்க. 120 அந்தத் தழும்பை ஆற்ற. பிறகு 220, 400, 600. ஒவ்வொரு நம்பருக்கும் ஒரே ஒரு வேலை: முந்தைய நம்பர் போட்ட கீறலை அழிப்பது. அனுபவசாலிகள் ஒவ்வொரு தாளையும் முந்தையதற்குக் குறுக்காக ஓட்டுவார்கள். பழைய திசைக் கீறல் ஒன்றுகூட மிஞ்சாதபோதுதான் அடுத்த நம்பர். 120-லிருந்து 600-க்குத் தாவுகிறவருக்கு நேரம் மிச்சமாவதில்லை. 600-ஆம் தாள் 120-ன் பள்ளத்தை நிரப்பாது. பள்ளத்தின் விளிம்பை மட்டும் பளபளப்பாக்கும். கடையில் விளக்கு வெளிச்சத்தில் அழகாகத் தெரிந்த பிடி, வீட்டு ஜன்னல் வெளிச்சத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

தாளுக்குப் பின்னால் கட்டையோ இரும்புத் தகடோ வைத்துத் தேய்க்க வேண்டும் என்பது இன்னொரு பாடம். வெறும் விரலால் தேய்த்தால் மென்மையான பலகை குழியும், பித்தளை ஆணி மேடாக நிற்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த மேட்டை உள்ளங்கை முதல் மணி நேரத்திலேயே கண்டுபிடித்துவிடும். சூடு மூன்றாவது எதிரி. பெல்ட் இயந்திரத்தில் அழுத்தித் தேய்த்தால் ஆணி சூடேறி, சுற்றியுள்ள எபாக்ஸி இளகும். பிசின் கருகும். வெறுங்கையால் பிடிக்க முடியாத சூடு வந்தால் நிறுத்த வேண்டும். சுழலும் இயந்திரத்தின் அருகே துணிக் கையுறை கூடாது என்பதற்கு, அது சக்கரத்தில் சிக்கும் என்பதோடு சூட்டை மறைக்கும் என்பதும் ஒரு காரணம்.

எந்த நம்பரில் நிறுத்துவது? விற்பவருக்கும் வேலை செய்பவருக்கும் இங்கேதான் கருத்து பிரிகிறது. துணி மைக்கார்ட்டாவை 2000 வரை தேய்த்து, பஞ்சுச் சக்கரத்தில் பாலிஷ் கொடுத்தால் கண்ணாடி போல மின்னும். கண்காட்சிப் பெட்டிக்குச் சரி. மழையில் நனைந்த கைக்கு அது விலாங்கு மீன். 220-லோ 400-லோ நிறுத்தினால் நூலின் முனைகள் லேசாக வெளியே நிற்கும். ஈரத்தில் அதுவே பிடிமானம். கை எண்ணெய் பட்டுப் பட்டு அந்தப் பிடி கறுக்கும், மரப்பிடியைப் போலவே சொந்தக்காரரின் அடையாளத்தை ஏற்கும். ஜி-10-க்கு அந்த நாகரிகம் கிடையாது. உலர்ந்த தேய்ப்பில் சாம்பல் பூத்தது போலிருக்கும். தண்ணீர் தொட்டுப் பொடித்தாளால் தேய்த்து, துளி எண்ணெய் தடவினால்தான் நிறம் எழும். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் காறல் வாடை அடிக்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரபின் போதும். சமையல் கத்திக்கும் அது ஒத்துவரும்.

பாலிஷ் சக்கரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பஞ்சும் துணியும்தானே என்று தோன்றும். கத்திப் பட்டறையில் மிக அதிகமாக அஞ்ச வேண்டிய இயந்திரம் அதுதான். அலகின் முனையோ ஓரமோ சக்கரத்தில் மாட்டினால் கத்தியைப் பிடுங்கி, நிற்பவரை நோக்கியே எறியும். கீழ்ப்பாதியில் மட்டும், ஓரம் சக்கரத்தை விட்டு விலகும் திசையில் காட்ட வேண்டும் என்பது ரத்தம் கொடுத்துக் கற்ற விதி.

இவை எல்லாம் கண்ணுக்குத் தெரியும் ஆபத்துகள். தெரியாதது தூசி.

மரத்தூளை மூக்கு ஓரளவு வடிகட்டும். கூட்டுப் பொருளைத் தேய்க்கும்போது எழும் பொடியில் மூக்கையும் தொண்டையையும் தாண்டி நுரையீரலின் அடிவரை போகும் அளவு நுண்ணிய துகள்கள் உண்டு. அவற்றில் என்ன இருக்கிறது என்பது பலகையைப் பொறுத்தது. மைக்கார்ட்டாவில் பருத்தித் துகளும் பீனால் பிசினும். பிசின் கருகும் அளவு சூடானால் பார்மால்டிஹைடு வாடை கிளம்பும். 2004-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் பார்மால்டிஹைடைச் சேர்த்தது. ஜி-10-ல் கண்ணாடித் துகள். அது தோலில் ஏறினால் அரிப்பு, கண்ணில் எரிச்சல், தொண்டையில் கரகரப்பு. கார்பன் தூசிக்கு மின்சாரம் கடத்தும் குணமும் சேர்ந்துகொள்கிறது. மோட்டாருக்குள் புகுந்தால் ஷார்ட் சர்க்யூட்.

இதில் மிகைப்படுத்தலும் வேண்டாம். கண்ணாடி இழைத் தூசி, கல் தூசி போன்றது அல்ல. மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌரில் சிலேட்டுக் குச்சி அறுத்தவர்களையும், குஜராத்தின் கம்பாத்தில் அகேட் கல்லுக்கு மெருகேற்றியவர்களையும் கொன்ற சிலிகோசிஸ், படிக வடிவிலான சிலிக்காவால் வருவது. கண்ணாடியில் சிலிக்கா உண்டு, படிக வடிவில் இல்லை. தொடர் இழைக் கண்ணாடியைப் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை என்றே அதே சர்வதேச அமைப்பு 2002-ல் வெளியிட்ட மதிப்பீட்டில் கூறியது.

ஆனால் கூட்டுப் பொருள் என்ற பெயரிலேயே உலகம் ஒரு பாடத்தைத் தாமதமாகப் படித்திருக்கிறது. குவார்ட்ஸ் பொடியைப் பிசினில் குழைத்துச் செய்யும் செயற்கைக் கல் பலகை, உலகெங்கும் சமையலறை மேடைகளுக்கு வந்தது. அழகானது, கறை படியாது. அதை அறுத்து மெருகேற்றிய இளைஞர்களுக்கு, வழக்கமாகப் பல ஆண்டுகளில் வரும் சிலிகோசிஸ் சில ஆண்டுகளிலேயே வந்தது. 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா அந்தக் கல்லுக்கு நாடு முழுவதும் தடை விதித்தது. மேடையில் காய்கறி நறுக்கியவர் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தேய்த்தவருக்குத்தான் ஆனது. பிசினில் கட்டுண்டு கிடக்கும்வரை எந்தத் துகளும் சாது. கட்டை அவிழ்ப்பது உப்புத்தாள்.

வேடிக்கை என்னவென்றால் இதற்கான மருந்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. 1921-ல் அமெரிக்காவின் த்ரீ எம் நிறுவனம் தண்ணீரில் நனைந்தாலும் பிரியாத தேய்ப்புத் தாளை விற்பனைக்குக் கொண்டு வந்தது. கார் தொழிற்சாலைகளில் பெயின்ட் தேய்க்கும்போது பறந்த தூசியை அடக்கியதே அதற்குக் கிடைத்த பெரிய வரவேற்புக்குக் காரணம். நம் ஊர் லேத் பட்டறையிலும் பெயின்ட் கடையிலும் 'வாட்டர் பேப்பர்' என்று கேட்டால் கிடைக்கும் கறுப்புத் தாள் அந்த வழி வந்ததுதான். விலை சில ரூபாய். ஒரு வாளித் தண்ணீர், அதில் துளி சோப்பு. தூசி பறக்காமல் சேறாக இறங்கும். தாளின் பல்லும் அடைபடாது. பிடியும் சூடேறாது.

சேறானதோடு வேலை முடிவதில்லை. அதைக் காயவிட்டுத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மறுபடி எழும். ஈரத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். இரும்பு அலகை உடனே துடைத்து எண்ணெய் போட வேண்டும். இயந்திரத்தில்தான் தேய்க்க வேண்டுமென்றால் தூசி கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சும் குழாய் வேண்டும். எதிரே மின்விசிறியை வைத்தால் தூசி பக்கத்தில் இருப்பவருக்குப் போகும். மூக்கைச் சுற்றிக் கட்டிய துண்டு பெரிய தூளை மட்டும் தடுக்கும். கொரோனா காலத்தில் நாடே பெயர் தெரிந்துகொண்ட என்-95 முகக்கவசம், இடைவெளி இல்லாமல் பொருந்தினால் நுண்தூசிக்கு உதவும். வாயுவுக்கு உதவாது. வேலை உடுப்பை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. பிள்ளையைத் தூக்கும் முன் குளிக்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் பட்டறைகளில் வாளி இருப்பதில்லை. காரணம் அறியாமை மட்டும் அல்ல. துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு, ஈரத்தில் தேய்த்தால் எண்ணிக்கை குறையும். கேட்க யார் இருக்கிறார்கள்? 1948-ன் தொழிற்சாலைச் சட்டம், மின்சாரத்தில் இயங்கினால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர் என்று எல்லை வைத்திருந்தது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றி 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த எல்லையை 20, 40 என்று உயர்த்தியது. நாலு பேர் தேய்க்கும் கொட்டகை முன்பும் தொழிற்சாலை இல்லை, இப்போதும் இல்லை. சிலிகோசிஸ் போன்ற நோய்களை அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்று சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. ஆனால் இருமலோடு போகிறவருக்குக் காசநோய் மாத்திரை கொடுத்து அனுப்பிய கதைகள் நாடெங்கும் உண்டு. என்ன வேலை செய்கிறாய் என்ற ஒரு கேள்வியை மருத்துவர் கேட்டிருந்தால் சீட்டில் வேறு எழுதியிருப்பார்.

வாங்குகிறவர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. கண்ணாடி போல மின்னும் பிடிக்குக் கூடுதல் விலை கொடுப்பதை நிறுத்தலாம். 400-க்குப் பிறகு ஏறும் ஒவ்வொரு நம்பரும் கண்ணுக்காகத்தான், கைக்காக அல்ல. உலர்ந்த தாளில் அந்த ஒவ்வொரு நம்பருக்கும் ஒருவர் இன்னும் சற்று நேரம் தூசியில் நிற்கிறார்.

போனக்காட்டு லயங்களில் கவாத்துக் கத்திகளுக்கு அந்தப் பளபளப்பை யாரும் பட்டறையில் வாங்கவில்லை. அவற்றின் பிடிகளைத் தேய்த்தது வருஷக்கணக்கான வேலை. அந்த வேலைக்கான கூலியே பாக்கி நின்ற ஊர் அது. செடி மரமாகிப்போன சரிவுகளில் இப்போது அந்தக் கத்திக்கு வேலை இல்லை. பிடியில் விரல் பதிந்த பள்ளம் மட்டும் அப்படியே இருக்கும்.